ஒட்டடை அடித்த மறுநாள்

பூச்சி வாத்தியார் குளிக்கப் போகுமுன் சட்டைப்பையைக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கத்தினால் எடுத்து வெளியே விடுவார். இது அத்தனையும் நிஜம். ஒருநாள் அந்தப் பையிலிருந்து நாற்பது தவளை குதித்தது என்பதில் மட்டும் முப்பத்தொன்பது என் கைச்சரக்கு.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். அவர் பிடித்தனுப்பிய வண்டு ஒன்றுக்கு அயல்நாட்டு மியூசியத்தார் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். "பெத்த பிள்ளைக்குப் பேர் வைக்க ஆறு மாசம் யோசிச்ச மனுஷன், வண்டுன்னதும் தன் பேரையே தூக்கிக் குடுத்துட்டார்" என்பது வாத்தியாரம்மாவின் தீராத புகார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து அவர் கண் மங்கிவிட்டது. கண்ணாடியோ நெற்றியில்தான் குடியிருக்கும்.

வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி. இடது ஆணியில் தொங்கும் துணிப்பையில் விஷப்பாம்பு. வலது ஆணியில் அச்சாக அதே கறுப்பு வெள்ளைப் பட்டையோடு ஒரு பரம சாது. வலது பையை வகுப்புக்கு எடுத்துப்போய், சாதுவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வார்.

அன்று அவர் கிளம்பிய பிறகுதான் வாத்தியாரம்மாவுக்கு உறைத்தது. நேற்று ஒட்டடை அடிக்கும்போது இரண்டு பையையும் கம்பால் இறக்கி, திரும்ப மாட்டியிருந்தார். எதை எந்த ஆணியில்? அந்த விஷப்பாம்பின் கடிக்கு ஊரில் மருந்தே கிடையாது. கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார்.

வகுப்பு வாசலை எட்டியபோது பாம்பு வாத்தியாரின் மணிக்கட்டில் இருந்தது. கத்தினால் பிள்ளைகள் பெஞ்சைக் கவிழ்ப்பார்கள், பாம்பு மிரளும். அம்மா மூச்சை விழுங்கிக்கொண்டு, சாவி கேட்கிறவர்போலச் சொன்னார்:

"ஏங்க, நேத்து ஒட்டடை அடிச்சேன். பையை மாத்தி மாட்டிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

வாத்தியார் தலையை மட்டும் முன் பெஞ்சுப் பையன் பக்கம் திருப்பினார். கை அசையவில்லை.

"முன் பெஞ்சு, உக்காந்தபடியே பாரு. முதுகு நடுவுல செதில் பக்கத்துல இருக்கறதைவிடப் பெருசா, இல்ல ஒரே அளவா?"

"பெருசு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"பெருசுதான் சார். அப்போ இது..."

"விஷப்பாம்பேதான். மூச்சை மட்டும் விடுங்க. வேற எதையும் அசைக்காதீங்க."

பையின் வாயை இடது கையால் மெல்ல விரித்து, மணிக்கட்டுக்குக் கீழே பிடித்தார். "இருட்டைக் கண்டா அதுவா போகும்" என்று பாடம்போலவே முணுமுணுத்தார். பாம்பு நாக்கை நீட்டியது. விரலிடுக்கில் தலையை நுழைத்தது. அங்கேயே நின்றது. அந்த இடைவெளியில் அம்மாவின் தலை முழுக்க நரைத்து, மறுபடி கறுத்துவிட்டது. கடைசியில் வால் நுனியும் பைக்குள் இறங்கியது. வாத்தியார் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

வகுப்பு வெடித்தது.

"நீதாண்டா முதல்ல பெஞ்சுக்கு அடியில போனே!"

"பென்சில் விழுந்துச்சு, எடுத்தேன்!"

"பென்சில் உன் காதுல இருக்குடா, புளுகா!"

"யாரைப் புளுகன்னே? எழுந்திருடா வெளியே!"

அம்மா வாத்தியாரின் வலது மணிக்கட்டைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கடிக்கலைம்மா, விடு. பாடம் பாதியில நிக்குது."

அம்மா விடவில்லை. வாத்தியார் இடது கையில் சுண்ணக்கட்டியை எடுத்து, கரும்பலகையில் கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தார்.