பச்சை வயரைக் கழற்றச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் நடந்தது இது.

நான் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் பிளவுஸ் தைக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. துணி கொடுக்க வருபவர்களிடம்கூட அளவு கேட்பதோடு சரி. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். நன்றாகவே வாசிப்பேன்.

எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஊர் திரும்பும்போது, தன் கிட்டாரையும் அதன் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப் பெட்டியையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். "ஒரு மெஷின் நின்னா இன்னொரு மெஷின் ஆரம்பிச்சிடுது" என்பார் என் கணவர். கிண்டல்தான், ஆனால் நான் வாசிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

என்னைப் போல ஆசைக்கு வாசிப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தாளம் மட்டும் உள்ள ஒரு பதிவைப் போடுவார். அதன் மேல் அவரவர் ஒரு சோலோ வாசித்து அனுப்ப வேண்டும். பிறகு நாள் முழுக்க அலசுவார்கள். "சோலோல கொஞ்சம் மூச்சு விடு தலைவா, ரயிலா புடிக்கப் போற?" என்று ஒருவர் கேட்பார். "டோன் ரொம்ப கூர்மையா இருக்குது, காது குத்தியாச்சு" என்று இன்னொருவர் சொல்வார். நான் என் பதிவை அனுப்புவேன். ஒரு வார்த்தை எழுத மாட்டேன். என் படத்துக்குப் பதில் மலையின் படம் வைத்திருந்ததால் எல்லோருக்கும் நான் 'ப்ரோ'. திருத்துவதற்கும் பேச வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

என் பதிவுகளில் ஒரே ஒரு குறைதான். பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். "வீட்ல மாவு மிஷின் ஓடுதா ப்ரோ?" என்று கேட்பார்கள். ஆம்பிலிருந்து வயர் போட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். என்ன செய்தும் அந்த இரைச்சல் போகவில்லை. ஒருநாள் ஆம்பின் பிளக் ஆடியது. தையல் மெஷின் மோட்டாருக்கு நானே பிளக் மாற்றுகிறவள்; இதையும் திறந்தேன். உள்ளே பச்சை வயர், அதாவது எர்த் வயர், கழன்று கிடந்தது. அதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே மூடி வாசித்துப் பார்த்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. அப்புறம் எதற்கு மாட்டுவது?

அந்தப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் என் பதிவை அனுப்பினேன். இதுவரை நான் வாசித்ததிலேயே நல்ல சோலோ அது. "டோன்னா இதான்டா டோன்!" "ப்ரோ, ரகசியத்தைச் சொல்லுங்க!" என்று பாராட்டு கொட்டியது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. முதல் முறையாக எழுதினேன்: 'ஆம்ப் பிளக்கைத் திறந்து பச்சை வயரை மட்டும் கழற்றிவிடுங்கள். ஒரு மாதமாக நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.'

மூன்று பேர் கழற்றிவிட்டதாகப் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் உள்ள ஒரு கஃபேயின் மொட்டை மாடியில், அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் பாடி வாசிப்பதாக இருந்தது. 'சரியான நேரத்துல சொன்னீங்க ப்ரோ' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் நாலு முறை படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்றரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. குழுவில் இருக்கும் வேலூர்க்காரர். மோட்டாருக்குக் காயில் கட்டுபவராம்.

"ப்ரோ, போனை எடுங்க. நீங்க சொன்னது ஆளைக் கொல்ற ஐடியா. பெட்டிக்குள்ள கரண்ட் கசிஞ்சா பூமிக்கு எறங்கற வழியே அந்தப் பச்சை வயருதான். அது இல்லன்னா கரண்ட் தந்திக்கு வந்துடும். கையில தந்தி, வாயி எர்த் இருக்கற மைக்குல பட்டா முடிஞ்சுது. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா, நீங்க மைக்குல பாடல, அவ்ளோதான்."

அப்போது முதலில் எனக்குத் தோன்றியது எது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் செய்தியை அழித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் போய்விடும் அல்லவா! அழிக்கும் பொத்தான் வரை விரல் போய்விட்டது. செய்தியை அழித்தால், கழற்றிய வயர்கள் தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா? அதை அப்படியே விட்டு, கீழே எழுதினேன்: 'நான் சொன்னது தப்பு. உயிருக்கு ஆபத்து. உடனே வயரை மாட்டுங்கள்.' இரண்டு பேர் மாட்டிவிட்டதாகச் சொன்னார்கள். கஃபேயில் வாசிப்பவர் அதைப் பார்க்கவே இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். கஃபே எண்ணைத் தேடி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் அப்போது யாரும் இல்லை. பௌர்ணமி என்பதால் எங்கள் பாதையில் வண்டி விடமாட்டார்கள். நடந்தேன். மலையைச் சுற்றி வரும் கூட்டம் முழுக்க எனக்கு எதிரே வந்தது. "எதிர்ல போறியேம்மா, சுத்தறது இந்தப் பக்கம்" என்று ஒரு அம்மா கையைப் பிடித்துத் திருப்பியே விட்டார். "அவசரம்மா" என்று கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

கஃபே மாடிப்படி ஏறும்போதே கிட்டார் சத்தம் கேட்டது. ஐந்து மணி தாண்டியிருந்தது. முப்பது நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சூடு தணிய மாடியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர் அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். வாய்க்கு ஒரு சாண் தள்ளி மைக். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. 'நிறுத்துங்க' என்று கத்தினேன்; காற்றுதான் வந்தது. அவர் மைக் பக்கம் குனிந்தார். நான் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி ஓடி, சுவரில் ஆம்ப் சொருகியிருந்த ஸ்விட்சை அணைத்தேன்.

கிட்டார் சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கை பட்டுடுச்சாம்மா?" என்றார் அவர்.

"இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன். காலைல பச்சை வயரைக் கழட்டச் சொன்னது நான்தான். தப்பா சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மலை படம் போட்ட ப்ரோ... நீங்களா?"

யாரோ சிரித்தார்கள். "ஆமாங்க. தந்தியில கரண்ட் வரும். வாயி மைக்குல படக்கூடாது" என்றேன்.

"அக்கா, மதியத்துலேர்ந்து வாசிச்சுனுதான் இருக்கறேன். ஒண்ணும் ஆகல. ஸ்விட்சைப் போடுங்க, ஜனங்க காத்துனு இருக்கறாங்க."

நான் ஸ்விட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "மாட்டேன். கிட்டாரைத் தோள்லேர்ந்து கழட்டி வெச்சுட்டு டெஸ்டர் எடுத்துனு வரச் சொல்லுங்க. அப்புறம் போடறேன்." வாழ்க்கையில் யாரிடமும் நான் அப்படி 'மாட்டேன்' என்று சொன்னதில்லை.

கிட்டாரை மர நாற்காலியில் வைத்தார்கள். ஸ்விட்சைப் போட்டேன். கஃபே முதலாளி டெஸ்டரைத் தந்தியில் வைத்தார். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

"விரல்ல சுர்ருனு இருந்துதுக்கா" என்றார் அவர் மெதுவாக. "புதுத் தந்தி, அதான் குத்துதுன்னு நெனச்சேன். மைக்கு இப்பதான் வெச்சாங்க." ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது; ஆனாலும் மைக்கை ஸ்டாண்டோடு தூக்கித் தள்ளி வைத்தார்.

ஸ்க்ரூடிரைவர் வாங்கி அந்த வயரை நானே மாட்டினேன். டெஸ்டரை மறுபடி வைத்துப் பார்த்தோம், எரியவில்லை. இரைச்சல் திரும்ப வந்துவிட்டது. "பின்னாடி தேனீ கத்தும், கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட ஆரம்பித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். நன்றாகத்தான் பாடினார்.

வீட்டுக்கு வந்ததும் என் ஆம்பின் பச்சை வயரையும் மாட்டிவிட்டு, குழுவுக்கு என் குரலிலேயே நடந்ததைச் சொல்லி அனுப்பினேன். நான் பெண் என்பதில் குழு ஆச்சரியப்பட்டு முடிப்பதற்கே வெகுநேரம் ஆனது. வேலூர்க்காரர் மட்டும் வேலையைப் பார்த்தார்: "அக்கா, ஆம்பையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க, இரைச்சல் கம்மியாயிடும். அடுத்த வாட்டி போனை எடுங்க."

எடுக்கிறேன். இரைச்சலும் குறைந்துவிட்டது. வாசிப்பு பற்றி யார் எது கேட்டாலும் இப்போது தயங்காமல் பதில் சொல்கிறேன். ஆனால், 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதை மட்டும் ஒரு காரணமாகச் சொல்வதே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் செருப்புப் போட்டு உட்கார்ந்து நான் செய்ததை, இன்னொருவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று செய்யக்கூடும்.