பழைய டிவியில் மட்டும் சுடும் துப்பாக்கி

பிலிமத்தலாவைக்கு மருமகளாக வந்தபோது ஷிராணி கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் வரவேற்பு மேசை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் அமலதாஸ் பாரிசவாதத்தில் விழுந்ததும் அந்த வேலையை விட வேண்டி வந்தது. கணவன் சாந்தகுமார் கட்டாரில் இருந்தான். வீட்டில் வேறு ஆள் இல்லை. இரண்டு வருடமாக முன்னறை, குசினி, கிணற்றடி, அவ்வளவுதான் அவள் உலகம். ஞாயிறு பூசைக்குப் போவதுகூட நின்றுபோயிருந்தது.

அமலதாஸ் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். இப்போது வலது பக்கம் அசையாது, வாயும் குழறும். இடது கைக்காவது பயிற்சி கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் வீசி எறிந்துவிடுவார். ஒருநாள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது சாந்தகுமாரின் பழைய கேம் பெட்டியும் ஒரு செம்மஞ்சள் பிளாஸ்டிக் துப்பாக்கியும் அகப்பட்டன. ஷிராணி சும்மா டிவியில் பொருத்திப் பார்த்தாள்.

திரையில் ஒரு வீரன் பாழடைந்த கோட்டைக்குள் தானாகவே நடந்துபோனான். எதிரே வருகிற பேய்களைச் சுடுவதுதான் ஆடுகிறவர் வேலை. சுடச்சுட வீரனுக்குப் பலம் ஏறும். இடையிடையே ஒரு கடை வரும்; சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து மருந்தோ நல்ல தோட்டாவோ வாங்கலாம். அமலதாஸ் சுட்டார். கடை ஷிராணியின் பொறுப்பு.

"தோட்...டா," என்பார்.

"உயிரு கொஞ்சந்தான் இருக்கு மாமா. மருந்து வாங்குவோம்."

"தோட்டா!"

அவள் மருந்தையே வாங்குவாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனாலும் மறுநாள் கஞ்சி குடித்து முடிக்குமுன்பே அவர் கை துப்பாக்கியைத் தேடும். போகப்போக அந்தக் கை தானாகவே கரண்டியும் பிடித்தது.

நத்தார் பண்டிகைக்குச் சாந்தகுமார் பெரிய தட்டை டிவி ஒன்றை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். கொண்டுவந்தவர்கள் புதியதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று அமலதாஸ் சுட்டபோது பேய்கள் வந்தன, ஒன்றும் விழவில்லை. நாற்காலியை நகர்த்தச் சொல்லிக் கிட்டத்தில் இருந்து சுட்டார். வீரன் செத்துப்போனான்.

"இதுவும்... போச்சு," என்றார் இடது கையைப் பார்த்தபடி.

"கை நல்லாத்தான் இருக்கு மாமா. டிவியிலதான் ஏதோ கோளாறு."

அவர் நம்பவில்லை. அதன் பிறகு கரண்டியையும் தொடவில்லை. ஷிராணியே மறுபடி ஊட்டினாள்.

திகனயில் நளீர் என்பவர் பழைய டிவி திருத்துகிறார் என்று பக்கத்து வீட்டு மரியகொறற்றி சொன்னாள். "நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா."

கேம் பெட்டியையும் துப்பாக்கியையும் பையில் போட்டுக்கொண்டு ஷிராணி கண்டிக்கு வந்து திகன பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தென்னக்கும்புர பாலத்தின் கீழே மகாவலி நிறைந்து ஓடியது. இந்த பஸ் எங்கேயும் நிற்காமல் மகியங்கனை வரைக்கும் போனால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். பிறகு மறுபடியும் நினைத்தாள்.

நளீர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் துவக்கு டிவிட வெளிச்சத்தப் பாத்துத்தான் இடத்தப் புடிக்கும் தங்கச்சி. பழைய டிவில படம் கோடு கோடா வரும், புதுசுல அப்புடி வராது. சுட்டவர்ட கையில பிழையில்ல." உள்ளே இருந்து ஒரு பெருத்த டிவியைத் தூக்கிவந்து பொருத்தினார். "சுட்டுப் பாருங்க."

அவள் ஒருநாளும் சுட்டதில்லை. முதல் பேய் விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். கடை வந்தது, எல்லாப் புள்ளிகளுக்கும் தோட்டா வாங்கினாள். ஃபோன் அடித்தது. மரியகொறற்றியின் பெயரைப் பார்த்துவிட்டு மேலும் சுட்டாள். மறுபடி அடித்தது. வீரன் சாகும்வரை அவள் எடுக்கவில்லை.

"எங்க இருக்க? மாமா உன்னக் கேட்டுக் கத்துறாரு!"

"வந்துக்கிட்டு இருக்கேன்க்கா."

அந்த டிவியை விலைக்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் வந்து இறங்கினாள். மரியகொறற்றி வாசலிலேயே நின்றாள். "இன்னொரு தரம் என்னால ஏலாதும்மா. பயந்தே போயிட்டேன்."

அமலதாஸ் துப்பாக்கியை வாங்க மறுத்தார். ஷிராணி அவர் விரலை மடித்துப் பிடிக்கவைத்தாள். ஒரு பேய் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. "கை... இருக்கு," என்றார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைக்கக் கையில்லாமல் சுட்டுக்கொண்டே இருந்தார். ஷிராணி துடைத்துவிட்டாள்.

இருட்டும் நேரம் சாந்தகுமார் வீடியோவில் வந்தான்.

"அப்பாவ விட்டுட்டு திகன வரைக்கும் போனியாம்?"

"போனேன். அடுத்த கிழமையும் வெளிய போவேன்."

"எங்க?"

"தெரியல. போகணும்."

"அப்ப அப்பாவ யாரு பாக்குறது?"

முன்னறையில் சுடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இருவரும் ஃபோனை வைக்காமல் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.