அவிக்காத பயறு

1. அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
2. முளைப்பயற்றின் பச்சை வாசனை வந்தது.
3. எனக்கு மறுபடி ஒன்பது வயதானது.

போர்க்காலம். வெளிநாட்டிலிருந்த அப்பா விசா அனுப்புவார் என்று நானும் அம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தோம். அறையில் சமைக்கத் தடை. அம்மா ஈரத்துணியில் பயறு முளைக்கவைத்துத் தருவார்.

வகுப்பில் ஆரோக்கிய உணவுக்கு நட்சத்திரம் ஒட்டுவார்கள். ரீச்சர் என் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ பிள்ளையள், எண்ணெயே இல்லை! அம்மா ஏன் அவிக்கேல்லை, சொல்லும் பாப்பம்?"

லொட்ஜுகளில் தங்கும் தமிழரைப் பொலிஸ் பிடித்துப்போன காலம் என்பதால், லொட்ஜில் இருப்பதை யாருக்கும் சொல்லக்கூடாது என்றிருந்தார் அம்மா.

"சத்துப் போயிடும், ரீச்சர்."

எல்லோரும் கைதட்டினார்கள். "குதிரைச் சாப்பாடு," என்று முணுமுணுத்த பக்கத்துப் பிள்ளை, எண்ணெயில் பொரித்த தன் றோல்ஸுடன் தள்ளி இருந்தாள்.

விசா வரவில்லை. அம்மாவும் இப்போது இல்லை. நான் தனியாக இருக்கும் கிருலப்பனை வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஒருத்திக்காக அதை மூட்டுவதில்லை, பயறுதான் ஊறவைக்கிறேன்.