மரண பயத்துக்கு எத்தனை மார்க்?

அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாவுக்குப் பயப்படுவீங்களா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு கல்லூரியின் மனோதத்துவ ஆராய்ச்சிக்காக ஆளுக்கு இருபது கேள்வி. பயமே இல்லையென்றால் ஒன்று, ரொம்பப் பயமென்றால் ஐந்து. காகிதக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, உங்களிடம் அழாமல் வேறு யாரிடம் அழுவேன்?

போன்

அறந்தாங்கியில் ஒரு வீடு. கணவர் குவைத்தில். "நெருங்கியவரின் மரணச் செய்தி வருமோ என அஞ்சுகிறேன்" என்று வாசித்தேன். அந்த அம்மா மடியிலிருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டார்.

"அடிச்சாலும் பயந்தான், அடிக்காட்டியும் பயந்தான். ஒங்க அஞ்சு பத்தாதுங்களே!"

இருபது ஒன்று

கறம்பக்குடி பக்கம் ஒரு விவசாயி. ஈரலில் புற்று, இனி வைத்தியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் சொல்பவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டுமென்பது விதி. காபி கொண்டுவந்த மனைவி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இருபது கேள்விக்கும் அவர் சிரித்தபடி "ஒண்ணு" என்றார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இவரு தைரியத்துலதான் தம்பி நான் நிக்கிறேன்."

பஸ் ஸ்டாப்

நான் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த விவசாயி மூச்சு வாங்க நடந்து வந்தார். "எல்லாத்தையும் அஞ்சாப் போடுங்க தம்பி" என்றார். ஆறுதல் சொல்லக் கூடாது, சொன்னால் அளவீடு கெட்டுவிடும் என்று எங்களுக்குப் பயிற்சி. நானும் சமர்த்தாக ஒன்றுகளை அடித்துவிட்டு ஐந்துகளைச் சுழித்தேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவர் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"வீட்ல சொல்லிறாதீங்க. அவ ஒடஞ்சு போயிருவா."

இரண்டாம் சுற்று

பதில் மாறுகிறதா என்று பார்க்க, ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த விவசாயி வீட்டுக்குப் போனேன். சாவுப் பந்தலுக்குத் தோண்டிய குழிகள் வாசலில் இன்னும் மூடப்படவில்லை. "அன்னைக்கு அவரு சொன்னத வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார் அவர் மனைவி.

காகிதத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அதில் இருபது ஐந்துகள். "ஒண்ணு" என்று வாசித்தேன், இருபது தடவை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவ, பயமா இருக்குன்னு அவரு சொல்லிருந்தா, நானும் கூடச் சேந்து அழுதிருப்பேன் தம்பி. அவருக்காகத்தான் அழுகாமயே இருந்தேன்."

இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே பெரிய பயந்தாங்கொள்ளிக்கு மட்டும் இன்னும் யாரும் மார்க் போடவில்லை. அதைக் கேட்டும் அந்த இருபது ஐந்துகளைக் காட்டாமல், பையைத் தூக்கிக்கொண்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.