ஃப்ளோரா கொண்டுவந்த பெங்களூர்

தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம் அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் மாறிப்போனது. அதுவரை ஷிஃப்டுக்குப் போய் வந்தவன் ஏனோக். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்கு மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆட்கள் ஏறிய கேஜ் கூண்டை ஆழத்துக்கு இறக்குவதும் மேலே தூக்குவதும் அவன் வேலை. மூடிய பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்தான். அவன் மனைவி ஃப்ளோரா இருட்டோடு எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போக ஆரம்பித்தாள். கமர்ஷியல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டி, முகத்தில் மாட்டிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்ட வேண்டும்.

ஏனோக்கும் ஒரு தடவை பெங்களூருக்கு வேலை கேட்டுப் போனவன்தான். வாச்மேன் வேலை. அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தவன் இவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "வயசு ஜாஸ்தி" என்று காகிதங்களைத் திருப்பித் தள்ளிவிட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இனிமே அந்த ஊர்ப் பக்கம் தலை வெச்சிகூடப் படுக்க மாட்டேன்" என்றான் ஏனோக். சொன்னபடியே இருந்தான். காய்கறி வாங்க ராபர்ட்சன்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை சர்ச். அதைத் தாண்டி எங்கும் போகவில்லை. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. ஃப்ளோரா வேலை முடிந்து வந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அடுப்படியில் நின்றபடி சொல்லுவாள். அவன் கேட்கிறானா இல்லையா என்றே தெரியாது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "இன்னிக்கி சிவாஜி நகர்ல ஒருத்தன் ஆளு ஒசரத்துக்கு ஒரு கண்ணாடிய முதுவுல கட்டிகினு சைக்கிள்ல போறான். அவன் பின்னாடியே போறேன். கண்ணாடி உள்ள மேகம் எல்லாம் ஓடுது, பில்டிங்கு ஓடுது, நடுவுல நான் நடந்து வரேன்."

ஏனோக் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "காத்து அடிச்சா சைக்கிள் சாஞ்சிடாதா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. எப்படிச் சாயவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை ஆட்டி ஆட்டிக் காட்டிப் பார்த்தாள், சரியாக வரவில்லை. அன்று படுக்கும்போது அவளுக்கு ஒரே நினைப்பு: இதை இவன் கண்ணாலேயே பார்த்திருந்தால்.

கல்யாணமான புதிதில் ஏனோக் வாங்கிய யாஷிகா கேமரா ஒன்று பீரோவில் அந்துருண்டைகளுக்கு நடுவே கிடந்தது. அந்தக் காலத்தில் சுரங்கத்து ஆட்கள் சேர்ந்து பஸ் பேசிக்கொண்டு டூர் போவார்கள். வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, மைசூர். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பது ஏனோக்தான். ஊருக்குத் திரும்பியதும் பிரிண்ட் போட்டு, சுரங்கக் குடியிருப்பு லைனில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த டூர் எல்லாம் சுரங்கத்தோடு நின்றுபோயின. ஃப்ளோரா கேமராவை எடுத்துத் துடைத்து, சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை.

முதல் பிலிம் ரோலை ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த தசரதனிடம் கொடுத்தாள். பிரிண்ட்டுகளை மேசைமேல் பரப்பிவைத்து அவன் சிரித்தான். "இன்னா அக்கா, பெங்களூர்ல ஒருத்தருக்கும் தலையே கெடையாதா?"

உண்மைதான். பூக்காரி கழுத்தோடு நின்றாள். போலீஸ்காரர் தொப்பை மட்டும் வந்திருந்தது. இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஏனோக்கின் மடியில் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகப் புரட்டினான். போலீஸ்காரரிடம் வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தான். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"கேமராவ கண்ணோட ஒட்டி வெச்சிக்கணும் ஃப்ளோரா. நீ எட்டப் புடிக்கிறே" என்றான். பிறகு ஒரு படத்தைத் தனியாக எடுத்துக் கேட்டான்: "இந்தத் தெருவு முடிஞ்சா அப்பால இன்னா வருது?"

அவள் யோசித்தாள். தினமும் நடக்கிற வழி, ஆனால் சட்டென்று சொல்ல வரவில்லை. "நாளைக்கி எடுத்துகினு வரேன்" என்றாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து கடை வாசல் வரைக்கும் அவள் வழியை வரிசையாகப் படம் எடுத்தாள். அது முடிந்ததும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துத் தெருக்கள். ரஸ்ஸல் மார்க்கெட், அல்சூர் ஏரி, எம்.ஜி. ரோட்டின் நடைபாதை மரங்கள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்கிய ஆட்டோக்காரர்கள், கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் போர்டு வைத்திருந்த ஒரே கடை. ரயிலில் அவளோடு வரும் பெண்களுக்கும் பழகிவிட்டது. திரும்பும்போது பீன்ஸ் ஆய்ந்துகொண்டே, "இன்னிக்கி அண்ணனுக்கு இன்னா புடிச்சே?" என்று கேட்பார்கள்.

ஏனோக் படங்களை ஆல்பத்தில் போடவில்லை. நடுவீட்டுச் சுவரில் கயிறு கட்டி, துணி கிளிப்பால் வரிசையாக மாட்டினான். ஒரு கயிறு ஒரு தெரு. தெரு திரும்பினால் கயிறும் திரும்பும். விருந்தாளி வந்தால் குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

ஸ்வீட்டி அதே லைனில் இருந்த பெண். டிகிரி முடித்திருந்தாள். பெங்களூரில் இன்டர்வியூ, கூடப் போக ஆள் இல்லை. அவள் அம்மா வந்து ஃப்ளோராவிடம் கேட்டாள். அன்றைக்கு ஃப்ளோராவுக்குக் காய்ச்சல். ஏனோக் எழுந்து, ஸ்வீட்டியைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்தான்.

"ஸ்டேஷன் உட்டு வெளிய வந்தா இந்தப் படி. கும்பல் போற பக்கம் போவாத. இந்த ஜூஸ் கடை தெரியுதா? அதுக்கு எதிர்ல நடந்துகினே இரு. சிவப்பா ஒரு காம்பவுண்டு வரும், அதோட ஒரு லெஃப்ட்." ஐந்தாறு படங்களைக் கயிற்றிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தான். "மடிக்காத. போயிட்டு வந்து குடுத்துடு."

ஸ்வீட்டி யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்தாள். வேலையும் கிடைத்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யாராவது வந்துவிடுவார்கள். அங்கிள், ஜெயநகர் போற பஸ் எங்க நிக்கும்? அண்ணா, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த கேட்டு? சுவரில் இல்லாத இடமென்றால் அடுத்த வாரத்துக்குள் ஃப்ளோரா எடுத்து வருவாள். பார்வதம்மா லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்: "அப்பவும் ஒக்காந்த எடத்துலேர்ந்தேதான் ஆளுங்கள எறக்கிகினு இருந்தான். இப்பவும் அதே வேலதான் பண்றான்."

ஏனோக்குக்கு அது பிடித்திருந்தது. தினமும் ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தான். அந்த வருடங்களை நினைத்தால் ஃப்ளோராவுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். ரயிலில் ஒற்றைக்காலில் நின்று வந்த அலுப்பெல்லாம், வீட்டில் ஒருவன் தன் பைக்காகக் காத்திருக்கிறான் என்ற நினைப்பில் காணாமல் போகும்.

பிறகு வின்னியின் சங்கதி நடந்தது. வின்னி, ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். ஏனோக் ஒரு படத்தைக் கழற்றிக் கொடுத்தான். பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் பின்னால் பச்சை கேட் போட்ட ஒரு பழைய பங்களா. "இந்த மரத்துக்கு எதிர் சந்து. தப்பவே முடியாது."

வின்னி சாயங்காலம் திரும்பி வந்தான். மடிக்காமல் வைத்திருந்த படத்தை மரியாதையாக நீட்டினான். "அங்கிள், அந்த மரம் இல்ல. பங்களாவும் இல்ல. மெட்ரோ வேல நடக்குது, எங்க பாத்தாலும் தகரம் அடிச்சிக்கீறாங்க. சுத்திச் சுத்தி வந்து நான் போறதுக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிபோச்சி."

குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் ஏனோக்கை அதிகமாகத் தாக்கியது. அந்தப் படம் எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஃப்ளோரா கொஞ்ச காலமாக அந்தப் பக்கம் போகவே இல்லை. "என் மேலதான் தப்பு, நான் பாத்திருக்கணும்" என்றாள். ஏனோக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். எல்லாப் படங்களையும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினான். சுவர் மொட்டையாகிவிட்டது. பழைய மௌனம் திரும்ப வந்துவிடுமோ என்று ஃப்ளோரா நினைத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை அவள் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். "எனக்கும் சேத்துக் கட்டு. நானும் வரேன்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயம். இன்னொரு டப்பாவில் சோற்றை அள்ளி வைத்தாள்.

பங்காருபேட்டை தாண்டும்வரை அவன் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்டோன்மென்ட்டில் இறங்கியதும் நடையே மாறிவிட்டது. தன் கையைப் பிடித்துக்கொள்வான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ அவளுக்கு முன்னால் போனான். "இதோ ஜூஸ் கடை. இதோ உன் காம்பவுண்டு. பெய்ன்ட் மாத்திட்டானுங்க பாரு." யாரோ உறவுக்காரர் வீட்டுக்குப் பல வருடம் கழித்து வந்தவனைப்போல ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு நடந்தான். ஃப்ளோரா கடைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

எம்.ஜி. ரோட்டில் தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. நீலத் தகரங்கள் வரிசையாக நின்றன. ஒரு இடுக்கு வழியாகப் பார்த்தால் பள்ளமும் கம்பிகளும். ஏனோக் பையிலிருந்து படத்தை எடுத்து, அந்த இடத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். படத்தில் மரத்தடியில் ஒரு கடலை வண்டி, அதன்மேல் வெயில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. சாலையில் இப்போது நிழல் என்று ஒன்றுமே இல்லை. அவன் கண் கலங்கும் என்று ஃப்ளோரா எதிர்பார்த்தாள். அவளுக்குத்தான் கலங்கியது. எத்தனை மதியம் அந்த நிழலில் நின்று டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள்.

"ரோல்ல மிச்சம் கீதா?" என்று கேட்டான் ஏனோக்.

"கீது."

கேமராவை வாங்கினான். டூர் காலத்தில் செய்வதைப்போல இரண்டடி பின்னால் போய், கழுத்தைச் சாய்த்து, அவள் முன்பு நின்று எடுத்த அதே இடத்தைத் தேடி நின்றான். தகரத்தையும் பள்ளத்தையும் படம் எடுத்தான். "ரெண்டும் இருக்கட்டும்" என்றான். "இருந்ததும் இருக்கட்டும், இப்ப கீறதும் இருக்கட்டும்."

அடுத்த இன்டர்வியூவுக்கு வின்னியை அவனே கூட்டிக்கொண்டு போனான். உள்ளே விட்டுவிட்டு, வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். வின்னிக்கு வேலை கிடைத்தது. அதன்பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏனோக் ஃப்ளோராவோடு ரயிலேறுவான். சுவரில் மறுபடியும் கயிறுகள் வந்தன. ஒவ்வொரு பழைய படத்துக்கும் கீழே இப்போது ஒரு புதுப்படம் தொங்கியது.

காலம் போனது. எல்லார் கையிலும் வழி சொல்லும் செல்போன் வந்துவிட்டது. வழி கேட்டு யாரும் வருவதில்லை. ஃப்ளோரா போன வருடம் கடையிலிருந்து நின்றுவிட்டாள். தசரதனும் இப்போது ரோலை பெங்களூருக்கு அனுப்பித்தான் கழுவி வாங்கித் தருகிறான். ஆனாலும் டிசம்பர் வந்தால் வீட்டில் கூட்டம்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்கள், பெங்களூரிலேயே குடியேறிவிட்டவர்கள், சுவரைப் பார்க்க வருகிறார்கள்.

போன டிசம்பரில் ஸ்வீட்டி வந்தாள். இப்போது அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட், காலேஜ் படிக்கிற மகள். சுவர் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "ஆன்ட்டி, நாங்க நடந்த அந்த பெங்களூரு இப்ப அங்க இல்லவே இல்ல. இங்கதான் கீது" என்றாள். சர்ச் ஹாலில் எல்லாவற்றையும் மாட்டலாம் என்றதும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஹாலுக்குள் வந்தவர்கள் வெளியே போக மனமில்லாமல் நின்றார்கள். இது நான் டீ குடிச்ச கடை. இந்த பஸ் ஸ்டாப்புலதான் அவர மொதல்ல பாத்தேன். ஐயோ, இந்த தியேட்டரு! வின்னி தன் பிள்ளைகளைத் தூங்குமூஞ்சி மரத்துக்கு முன்னால் நிற்கவைத்து, தான் வழி தவறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்வதம்மாவும் வந்திருந்தாள். நெற்றியில் குங்குமத்தோடு, கையில் கோலோடு. அவள் மகன் ராஜ்குமார் எத்தனையோ வருடம் அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவன். இப்போது துபாயில் இருக்கிறான். அவள் நேராக ஏனோக்கிடம் போனாள்.

"எம்புள்ள எந்த வழியா நடந்துகினு போவான்?"

ஏனோக் அவளைக் கண்டோன்மென்ட் படத்துக்கு அழைத்துப்போனான். அங்கிருந்து படம் படமாக, மெதுவாக நடந்தார்கள். ஒவ்வொன்றிலும் அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். மழையில் தண்ணீர் தேங்கிய ஒரு தெருவுக்கு வந்ததும் நின்றாள். "இதுலயா? அதான் எப்பவும் பேன்ட்ட நனைச்சிகினு வருவான். நான் திட்டுவேன்." விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டாள்.

கடைசிப் படம் வந்தது. பார்வதம்மா கோலை ஊன்றி நிமிர்ந்தாள். "இத்தன வருஷம் அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்தேன். அது போற வழிய நான் பாக்கவே இல்ல. என்னயும் ஒருவாட்டி இட்டுகினு போங்களேன்."

ஏனோக் ஃப்ளோராவைப் பார்த்தான்.

"நாளைக்கே போலாம்" என்றாள் ஃப்ளோரா.

மறுநாள் மாரிக்குப்பத்தில் ரயில் புறப்படும்போது இன்னும் வெளுக்கவில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டின்மேல் பனி இறங்கியிருந்தது. பார்வதம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகிற பெண்கள் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எதிரில் ஏனோக் கேமராவில் புது ரோலைப் போட்டுக்கொண்டிருந்தான். ரயில் அசைந்ததும் பார்வதம்மா, "இன்னும் எத்தன ஸ்டேஷன் கீது?" என்று கேட்டாள். ஃப்ளோரா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.