பம்பாயில் பின்னால், மதராஸில் முன்னால்

யுத்த காலத்தில் ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மிட்வைஃப் வேலை காலியானது. நான் பூனாவில் பயிற்சி முடித்து, பம்பாய் மாகாண ரிஜிஸ்தரில் பெயர் ஏறியவள். ஹவில்தாரான என் கணவரைப் பர்மா எல்லைக்கு அனுப்பியதும் ஊர் திரும்பியிருந்தேன். வேலை கிடைத்தால் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ். இல்லையென்றால், அவர் திரும்பும்வரை மாமனார் வீட்டு அடுப்படி. திரும்பினால்.

பதிவை மதராஸ் மாகாணத்துக்கு மாற்றுவது, விதிப்படி, சுலபம். பழைய சர்டிபிகேட், பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரியின் சிபாரிசு. மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். அங்கேதான் இடித்தது. பள்ளிச் சான்றில் நான் எஸ். ஞானம்மாள். பம்பாய் சர்டிபிகேட்டில் ஞானம்மாள் மண்ணச்சநல்லூர்.

காரணம் என் கணவர். பூனா ஆபீஸ் குமாஸ்தா என் 'ஆட்நாவ்' என்ன என்று கேட்டார். மராத்தியில் அது குடும்பப் பெயர். பட்டாளத்து இந்துஸ்தானியில் கரை கண்ட என்னவர் காதில் அது 'காவ்' என்று விழுந்தது. ஊரைக் கேட்கிறார் என்று எண்ணி, எனக்கு முந்திக்கொண்டு என் ஊரைச் சொல்லிவிட்டார். அந்தக் கம்பீரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

ஆஸ்பத்திரி ஹெட் கிளார்க் ஐயங்கார் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இது ஊர்ப் பேர்னா! மண்ணச்சநல்லூர்ல நெல் அரைக்கறான்னு தெரியும். பிரசவமும் பாக்கறதா?"

"அது நான்தாங்க சார்."

"நீ எஸ். ஞானம்மாள். இது வேற யாரோ. மதராஸ்ல திருப்பி அனுப்பிடுவா. திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி டாக்டரம்மா உத்தரவு."

பம்பாய்க்கு எழுதித் திருத்தி வாங்க மாதக்கணக்காகும். மேஜைமேல் அவருடைய பெயர்ப் பலகை கண்ணில் பட்டது.

"சார், உங்க பேருக்கு முன்னால ரெண்டு இனிஷியல் இருக்கே. ரெண்டும் அப்பாவா?"

"ஒண்ணுதான் அப்பா. முதல் எழுத்து லால்குடி. பூர்வீகம்."

"எனக்கு மண்ணச்சநல்லூர் பூர்வீகங்க. நீங்க ஊரை முன்னால வெச்சிருக்கீங்க. பம்பாய்க்காரர் எனக்குப் பின்னால வெச்சுட்டார்."

ஐயங்கார் சர்டிபிகேட்டைக் கீழே வைத்தார். "பட்டாளத்தான் ஆத்துக்காரின்னா சும்மாவா!" என்று சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'எம். எஸ். ஞானம்மாள். பம்பாய் வழக்கப்படி ஊர்ப் பெயர் பின்னால் எழுதப்பட்டுள்ளது' என்று சிபாரிசில் எழுதிக் கையெழுத்திட்டார். அதை வைத்தே திங்களன்று டாக்டரம்மா என்னை வேலையில் சேர்த்துக்கொண்டார். பிறகு மதராஸும் ஒரு கேள்வியும் கேட்காமல் பதிவு எண் அனுப்பியது.

ஊர் மாறும் இளம் நர்சுகளுக்குச் சொல்கிறேன்: விதியோடு சண்டை போடாதீர்கள், அது ஜெயித்துவிடும். எதிரே இருப்பவர் அதே விதிக்குள் எப்படி வசதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கும்.