ஏரிக்கரையில் எ, ஆன், தி

ஈரக் கோரைப்புல்லின் வாசனையும், கரைக்கல்லைத் தொட்டுத் தொட்டு விலகும் தண்ணீரின் சத்தமுமாகத்தான் அந்த மாலைகள் எனக்குள் இன்னும் கிடக்கின்றன. அந்த வருஷம் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டதால் உத்திரமேரூர் ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கரைமேல் அக்கா ராஜேஸ்வரி முன்னால் நடக்க, ஒன்பது வயதுக்காரியான நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றதெல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் தவறிப்போனவள் அவள். "எ", "ஆன்", "தி" என்ற மூன்று சிறு சொற்கள் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவேயில்லை.

அரிசி மில்லிலிருந்து புருவமெல்லாம் தவிடு படிந்து திரும்பும் நைனாவுக்கோ அப்படிச் சொற்கள் இருப்பதே வியப்பு. "மாடு வந்துச்சின்னா மாடு வந்துச்சி. எந்த மாடுன்னு கேக்கறவனுக்குத் தெரியாதா? அதுக்குத் தனியா ஒரு வார்த்த இன்னாத்துக்கு?" என்பார். ஆனாலும், "இன்னொரு தபா எழுதிப் பாரு. அதுவும் போச்சின்னா கல்யாணந்தான்" என்று சொல்லியிருந்தார்.

அதனால் கரையில் கண்ட எல்லாவற்றுக்கும் அக்கா பெயர் சொல்லிக்கொண்டே போவாள். முதலில் கண்ணில் படும் கொக்கு "எ க்ரேன்". அதுவே பறந்து சுற்றி மறுபடி வந்து அமர்ந்தால், நமக்குத் தெரிந்த கொக்காகிவிட்டபடியால் "தி க்ரேன்". எதிரே யாராவது குடையோடு வந்தால் "ஆன் அம்ப்ரெல்லா". உலகத்துக்கே ஒன்றான சூரியன் எப்போதும் "தி சன்". பொழுது சாய, நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒரே வெள்ளையாய்த் திரும்பி வரும்போது, எது புதிது எது தெரிந்தது என்று சொல்ல முடியாமல் அவள் அப்படியே நிற்பாள். நானும் நிற்பேன்.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கையில் ராஜகுளத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பிடித்துப்போன மாப்பிள்ளையின் மாமா, "பரீட்ச இன்னாத்துக்குங்க? வர்ற வாரமே தட்டு மாத்திக்கலாம்" என்றார். காபித் தட்டோடு நின்ற அக்கா, தலை நிமிராமல், "நைனா, இந்த ஒண்ண மட்டும் எழுதிடறேனே" என்றாள். வந்தவர்கள் முன்னால் அவள் பேசியதே பெரிய காரியம். அம்மா கதவுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எழுதட்டுங்க. அப்பால பேசலாம்."

"நாங்க காத்துக்கினு இருக்க முடியாதுங்களே."

"அப்ப வாணாங்க" என்றார் நைனா.

அன்று அம்மா சாப்பிடவில்லை. அக்கா எழுதினாள், தேறினாள், ஆசிரியப் பயிற்சியும் முடித்தாள். திருமுக்கூடல் பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று நைனாவும் நானும் மாட்டுவண்டியில் ஆற்று மணலைக் கடந்து கூடப் போனோம். பள்ளி வாசல்வரை வந்த நைனா உள்ளே நுழையக் கூசி, எதிரிலிருந்த வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். போகலாமென்று நான் இழுத்தபோது, "இருடீ, அவ கொரலு கேக்குது" என்றார். மாலை மணி அடிக்கும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். பள்ளி மாடிக் கட்டடமாகிவிட்டது. வேப்பமரம் இல்லை, நைனாவும் அக்காவும் இல்லை. உள்ளே ஏதோ ஒரு வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டு, முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.